பலேர்மோவில் ஒரு லேடீஸ் சைக்கிள்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நல்ல சேலை ஒன்று எடுத்துப் போவார்கள். நான் பலேர்மோவுக்கு எடுத்துப் போனது இரண்டு காற்சட்டை, ஒரு தொப்பி, பஞ்சர் ஒட்டும் சாமான் பெட்டி ஒன்று.

மாப்பிள்ளை எனக்கில்லை, என் தங்கை வதனிக்கு. அவள் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அதற்கு மூன்று வருடம் முன்னால் லண்டன் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி, எல்லாம் தொலைபேசியிலேயே ஒப்பேறி, அவள் ஆங்கில வகுப்புக்குக்கூடப் போகத் தொடங்கியிருந்தாள். பிறகுதான் அந்த மனிதருக்கு அங்கே மனைவியும் ஒரு பெண்குழந்தையும் இருப்பது தெரியவந்தது. நாங்கள் கேட்கப் போனபோது ஆள் வீடு மாறிவிட்டார். தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. அவரைத் ‘தங்கமான பிள்ளை’ என்று சொன்னவள் நான்தான். ஒரு படத்தையும் இரண்டு கடிதங்களையும் வைத்துச் சொன்னேன். அதன்பிறகு வதனி என்னோடு கதைப்பாள், சுகம் விசாரிப்பாள். சிரிப்பதில்லை.

ஆகவே, இத்தாலியில், பலேர்மோவில் வேலை செய்யும் குகதாசன் என்பவரின் படமும் கடிதமும் வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதுவும் பெண்ணின் அக்கா என்று சொல்லாமல் பார்க்க வேண்டும். அக்கா என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளையும் மூன்று நாளைக்குத் தங்கமாகத்தான் இருப்பான்.

நான் பிரான்ஸின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். பாடசாலைச் சமையற்கூடத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் ஒடுக்கமான தெருக்களில் சைக்கிள் ஓடுவேன். மணித்தியாலத்துக்கு ஒரு டிராக்டர் வரும், ஓட்டுபவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான் போக்குவரத்து. என்னோடு ஓட வந்த பலரின் குணத்தை அந்தத் தெருக்களில்தான் கண்டிருக்கிறேன். ஏற்றத்தில் முன்னுக்குப் போய்த் திரும்பியே பார்க்காதவர், காற்றுப் போனால் சைக்கிளுக்கு உதைப்பவர், அடுத்தவரின் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு “உங்களுக்கு வேணுமோ?” என்று கேட்பவர். இருபது கடிதத்தில் தெரியாதது இருபது கிலோமீட்டரில் தெரிந்துவிடும்.

பலேர்மோவில் என் மச்சாள் பத்மா இருந்தாள். வீட்டுவேலைக்குப் போகிறவள். அவளுக்குத் தொலைபேசி எடுத்துத் திட்டத்தைச் சொன்னேன்.

“பிரான்ஸிலையிருந்து ஒரு ரீச்சர் வாறா, அவவுக்கு நாட்டுப்புறத்தைச் சைக்கிளிலை பாக்க விருப்பமாம், ரெண்டு நாள் கூட்டிக்கொண்டு போகேலுமோ எண்டு குகதாசனைக் கேளும்.”

“உமக்கு விசரே?” என்றாள் பத்மா. ஆனால் கேட்டாள். மறுநாளே, ஓம் என்று பதில் வந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, நாப்போலியிலிருந்து வந்த கப்பல் என்னைப் பலேர்மோ துறைமுகத்தில் இறக்கிவிட்டது. இறங்கிய இடத்திலேயே ஒரு லொறிக்காரரும் ஒரு கார்க்காரரும் வழியை மறித்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். சண்டை என்று நினைத்தேன். பத்மா என் பையை வாங்கிக்கொண்டு, “சண்டையில்லை, சொந்தக்காரர்” என்றாள்.

அவள் வீடு சந்தைக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில். வழியில் பாணுக்குள் பனெல்லே வாங்கித் தந்தாள். கடலை மாவைக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்தது. ஒரு செத்தல் மிளகாய் போட்டிருந்தால் எங்கள் சாமான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். வீட்டில் பத்மாவின் கணவர் சோபாவில் இருந்து, “சைக்கிள் ஓட வந்தனீங்களாம், நல்லது, நல்லது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. கப்பலில் நித்திரை கொள்ளாத களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சனிக்கிழமை பத்மா விடியவே வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியாக பஸ் எடுத்து மொண்டெல்லோவுக்குப் போனேன். கோடையில் கால் வைக்க இடமிருக்காது என்று சொல்லியிருந்தாள். மார்ச்சில் கடற்கரை முழுவதும் எனக்கும் இரண்டு நாய்களுக்கும் சொந்தமாக இருந்தது.

வந்து சந்திக்கச் சொன்ன வில்லாவின் கேற்றடியில் ஒருவர் நின்றார். கைப்பைக்குள் இருந்த படத்தை இரகசியமாக ஒருமுறை பார்த்தேன். படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த மீசை, இரவல் கோட்டு, முகத்தில் ஸ்டூடியோ வெளிச்சம். நின்றவருக்கு மீசையும் இல்லை, முன் தலையில் முடியும் இல்லை. இது எங்கள் கல்யாணப் படங்களில் வழக்கம்தான். படம் எடுத்த வருடத்துக்கும் அனுப்பும் வருடத்துக்கும் இடையில் ஒரு தலைமுடி போய்விடும். மன்னித்துவிட்டேன்.

“ரீச்சரோ? வாங்கோ, நான்தான் குகதாசன்” என்றார்.

கராஜுக்குள் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. அவர் வேலை செய்த வீட்டுக்கார அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், செத்துப்போன கணவருடையது ஒன்று, பந்தயச் சைக்கிள், சீட் என் தோள் உயரம். மற்றது சிஞ்ஞோரா இளம்வயதில் ஓடிய லேடீஸ் சைக்கிள். முன்னுக்குக் கூடை, பின்னுக்கு நல்ல இரும்புக் கரியர், மூன்றே மூன்று கியர். நாங்கள் வெளிக்கிடும்போது மேல்மாடியிலிருந்து சிஞ்ஞோரா, “ரவி! ரவி!” என்று கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

“கவனமாப் போகட்டாம்” என்றார் இவர்.

“ஏன் ரவி எண்டு கூப்பிடுறா?”

அவர் ஒரு கணம் பெடலைப் பார்த்தார். “குகதாசன் எண்டு வாயிலை வராது ரீச்சர். அதாலை சின்னனா ஒண்டு வைச்சிருக்கிறா.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் பெயரைப் பிரான்ஸில் படுத்தும் பாட்டைப் பார்த்தால் சிஞ்ஞோரா தெய்வம்.

நகரத்தைக் கடந்தது ஒரு தனிக் கதை. பிரான்ஸில் ஹோர்ன் அடித்தால் கோபம். பலேர்மோவில் அது சுகம் விசாரிப்பு. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு நூறு பேர் சுகம் விசாரித்தார்கள். ஒரு சந்தியில் சிவப்பு வெளிச்சத்துக்கு நான் நின்றதும் பின்னால் வந்த வான்காரர் தலையை வெளியே நீட்டி, எனக்கு ஏதும் வருத்தமா என்று கேட்டார். இவர் மொழிபெயர்த்துவிட்டு, “இஞ்சை நிக்கக்கூடாது ரீச்சர், எல்லாரும் பயந்திடுவினம்” என்றார்.

சியாகுல்லிப் பக்கம் திரும்பியதும் யாரோ கதவைச் சாத்தினதுபோல் சத்தம் நின்றது. இரண்டு பக்கமும் கல்மதில், மதிலுக்கு மேலால் மண்டரின் மரங்கள். மற்ற இடங்களில் முடிந்தபிறகும் அங்கே மட்டும் மார்ச் வரை பழுக்கும் சாதியாம். ஒரு மணித்தியாலம் ஓடினோம், ஒரு வாகனமும் வரவில்லை. எங்கள் ஊரில் தெரு வெறுமையாக இருந்தால் பெற்றோல் வரவில்லை என்று அர்த்தம். பிரான்ஸில் என்றால் ஊருக்கே வயசாகிவிட்டது என்று அர்த்தம். இங்கே ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்டேன்.

“மத்தியானச் சாப்பாடு. பாஸ்டா ஆறிப்போனா மனிசி பேசுவா எண்டு எல்லாரும் ஓடியிடுவினம்.”

அந்த இடத்தில்தான் என் முன் சில்லு காற்றுப் போனது. வெட்டிப் போட்ட மரக்கிளையின் முள். நான் பஞ்சர் பெட்டியைத் திறக்காமல் அவரிடம் நீட்டிவிட்டு, மதிலில் சாய்ந்து நின்று பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை, பெருமூச்சும் விடவில்லை. ரியூப்பைக் கழற்றி, கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துக் காற்று வரும் இடத்தைத் தேடினார். நடுவில் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்து, சில்லை ஒட்டுவது எப்படி என்று அவருக்கு அரைமணி நேரம் படிப்பித்தார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குச் செய்தார். கிழவர் தன்னால்தான் வேலை முடிந்தது என்ற சந்தோஷத்தில் என் கூடையை மண்டரினால் நிரப்பினார். நான் மனதுக்குள் பத்துக்கு எட்டுப் போட்டேன்.

பின்னேரம் பத்மாவுக்குச் சொன்னேன்: “ஆள் பறவாயில்லை. நல்லாச் சைக்கிள் ஓடுறார்.”

பத்மா புட்டுக்கு மாக் குழைத்த கையை நிறுத்தினாள். “குகனோ? அவர் சைக்கிள் ஓடி நான் ஒருநாளும் காணேல்லை. எப்பவும் நடந்துதான் போவார்.”

“நகரத்துக்குள்ளை ஆர் ஓடுவினம்” என்றேன். சோபாவில் இருந்த அவள் கணவருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் மலைக்கு. பலேர்மோவுக்குத் தெற்கே, ஆல்டோஃபோன்டே என்ற ஊரைக் கடந்து மேலே ஏறினால், அல்பேனியர்களின் ஊர் ஒன்று வருமாம். பியானா என்று சுருக்கிச் சொன்னார். கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டர், முழுவதும் ஏற்றம். மூன்று கியரில் முதல் கியர் வேலை செய்யவில்லை என்பதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். ஏறினேன், இறங்கித் தள்ளினேன், திரும்ப ஏறினேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் நின்றார். காத்துக்கொண்டு நிற்பதுபோல் காட்டாமல், சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் நின்றார். அந்த மரியாதைக்கு இன்னும் ஒரு புள்ளி.

ஆல்டோஃபோன்டேயில் கோப்பி குடிக்க ஒரு கடைக்குள் போனோம். கடைக்காரப் பெண்மணி அவரைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பிறகு ஏதோ கேட்டார். அதில் ‘பம்பீனி’ என்று ஒரு சொல் வந்தது. அது விளங்க இத்தாலியன் படித்திருக்கத் தேவையில்லை. தேவைப்பட்டாலும் அந்த அம்மாவின் கை எல்லாவற்றையும் காட்டியது. இரண்டு விரல். ஒன்று இடுப்பளவு, மற்றது முழங்காலளவு. பிறகு மோதிரவிரலைத் தொட்டு, தலைமுடியைப் பின்னுவதுபோல் ஒரு சைகை. மனைவி எப்படி, இரண்டு பிள்ளைகளும் எப்படி என்று கேட்கிறார்.

இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி, “பேனே, பேனே” என்றார். நலம், நலம்.

கோப்பியைப் பாதியில் வைத்தேன். திரும்பவும் ஒரு மனைவி. திரும்பவும் பிள்ளை, அதுவும் இந்தமுறை ஒன்று கூட. காசைக் கூடக் கொடுக்காமல் வெளியே வந்து சைக்கிளில் ஏறினேன். அன்றைக்கு ஒன்று தெரிந்தது, கோபத்துக்கு முதல் கியர் தேவையில்லை. பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை. ஏற்றத்தில் திரும்பியே பார்க்காதவர்களைப் பற்றி நான் மேலே எழுதியிருக்கிறேன், அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடினேன் என்று தெரியாது. தெரு ஆளில்லாமல் கிடந்தது. கல்லும் பச்சைப் புல்லும், கீழே தூரத்தில் கடலும். ஒரு வளைவில் ஆட்டுமந்தை நின்றது. மந்தையோடு மூன்று வெள்ளை நாய்கள், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி அளவு. மூன்றும் என்னைப் பார்த்ததும், காலையிலிருந்து எனக்காகவே காத்திருந்ததுபோல் பாய்ந்து வந்தன. நான் இறங்கி, சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கத்தினேன். தமிழில்தான் கத்தினேன்.

அதற்குள் அவர் வந்துவிட்டார். பந்தயச் சைக்கிளை எறிந்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்று, பையிலிருந்த பாண் முழுவதையும் துண்டு துண்டாகப் பிய்த்து ஒரு பக்கமாக எறிந்தார். நாய்கள் கொள்கையை மாற்றிக்கொண்டன. மேட்டில் படுத்திருந்த இடையர் அப்போதுதான் எழும்பி, “ஒன்றும் செய்யாது!” என்று கத்தினாராம். நாய்களுக்கா எங்களுக்கா சொன்னார் என்று தெரியவில்லை.

ஏமாற்றுக்காரனாக இருக்கும் ஒருவர் உயிரைக் காப்பாற்றினால் என்ன செய்வது? நன்றி சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. “ம்” என்றேன். சைக்கிளை நிமிர்த்தி மிச்ச ஏற்றத்தில் ஏறினேன்.

பியானாவின் சதுக்கத்தில் தேவாலயப் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தெருப் பலகைகளில் எல்லாம் இரண்டு மொழி. கன்னோலி என்ற இனிப்பு விற்கும் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே கேட்டேன்.

“உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?”

“ஓம்” என்றார்.

இல்லை என்று சொல்வார், அதன்பிறகு கத்தலாம் என்று காத்திருந்தவளுக்கு அந்த ‘ஓம்’ பெரிய தொந்தரவாகப் போய்விட்டது.

“ரெண்டு பிள்ளையளோ?”

“ஓம். மூத்தவனுக்கு ஆறு, சின்னவளுக்கு நாலு.”

“பிறகு என்ன துணிவிலை என்ரை தங்கச்சியைக் கேட்டனீர்?” சொன்னபிறகுதான் என் வேஷத்தை நானே கலைத்துவிட்டது உறைத்தது.

அவர் தலையைச் சொறிந்தார். “அக்கா, கோவியாதேங்கோ. நான் குகன் இல்லை. நான் ரவி. குகன்ரை கூட்டாளி.”

“என்ன?”

“நீங்கள் பொம்பிளையின்ரை தமக்கை எண்டு எங்களுக்குப் புதன்கிழமையே தெரியும். பத்மா அக்கான்ரை அவர் சொல்லிப்போட்டார். பலேர்மோவிலை இருக்கிற எல்லாத் தமிழாக்களுக்கும் தெரியும். இஞ்சை வேலை செய்யிற மொரீசியஸ்காரருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் அவர் வரேல்லை?”

ரவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது அக்கா.”

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு ஆண்பிள்ளைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்பதைவிட எனக்கு இது நம்பக் கஷ்டமாக இருந்தது.

“ஆள் இப்ப எங்கை?”

ரவி கையைக் காட்டினார். “கோயிலுக்குப் பின்னாலை நிக்கிறான். காலமை பஸ்ஸிலை வந்தவன். உங்களைத் தூரத்திலை நிண்டு ஒருக்காப் பாக்க வேணுமாம்.”

கோயிலின் பின்மதிலோடு, படத்திலிருந்த அதே மீசையோடு ஒருவர் நின்றார். கையில் துணியால் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி. என்னைக் கண்டதும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஏன் பொய் சொன்னனீர்?” என்று கேட்டேன்.

அவருக்கு வியர்த்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “பிழைதான் அக்கா. பயந்திட்டன். ஆனா, நீங்களும் பொய் சொல்லித்தானே வந்தனீங்கள்.”

ரவி வானத்தைப் பார்த்தார். நானும் கொஞ்சநேரம் பார்த்தேன். பிறகு, “பெட்டியிலை என்ன?” என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

பெட்டியில் சோறும், கணவாய்ப் பிரட்டலும், காட்டுப் பெருஞ்சீரகத் தழையை அரிந்து தேங்காய்ப்பூப் போட்ட ஒரு வறையும் இருந்தன. அவர் ஒரு வீட்டில் சமையற்காரர். சதுக்கத்தின் படிக்கட்டில் இருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். பிரான்ஸில் வருடக்கணக்காக நான் சமைத்ததையெல்லாம் அந்த வறை ஒரு வாயில் அவமானப்படுத்தியது. கோபத்தைத் தொடர வேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன், வாய் ஒத்துழைக்கவில்லை.

மணம் பிடித்து ஒரு வயோதிபர் பக்கத்தில் வந்து இருந்தார். குகன் அவருக்கும் கொடுத்தார். எங்கிருந்து வந்தீர்கள் என்று அவர் கேட்டார், குகன் சொன்னார். நாங்களும் கடல் தாண்டி, சண்டைக்குத் தப்பி வந்தவர்கள்தான் என்றார் வயோதிபர். வீட்டில் இப்போதும் அல்பேனிய மொழிதானாம்.

“எப்ப வந்தவையாம்?”

குகன் கேட்டுச் சொன்னார்: “கிட்டடியிலைதானாம். ஐந்நூறு வருசம்.”

“இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுதோ எண்டு கேளும்.”

குகன் கேட்கக் கூச்சப்பட்டார். நான் விடவில்லை. கேட்டதும் வயோதிபர் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். குவெஸ்தூராவில், அதுதான் வெளிநாட்டுக்காரருக்குக் கடதாசி கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், வரிசையில் இன்னும் நிற்கிறார்களாம், அநேகமாக வருகிற செவ்வாய்க்கிழமை கூப்பிடுவார்களாம். குகன் அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் சிரித்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் முதலில் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருந்தது. படத்தில் அதற்காகத்தான் வாயை மூடியிருக்கிறார்.

இதற்கிடையில் ஒரு மணி பஸ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, வேறு பஸ் இல்லை. குகன் மறுநாள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். ரவியின் பந்தயச் சைக்கிளில் கரியர் கிடையாது. மூன்று பேரும் என் லேடீஸ் சைக்கிளின் கரியரைப் பார்த்தோம்.

“நான் அவனை ஏத்திறன் அக்கா, நீங்கள் இதிலை வாங்கோ” என்றார் ரவி. அந்தத் தோள் உயரச் சீட்டை ஒருமுறை பார்த்தேன்.

“தேவையில்லை. நான்தான் ஏத்துவன்” என்றேன். “வந்து இரும்.”

யாழ்ப்பாணத்தில் அரிசி மூட்டை, அம்மா, மண்ணெண்ணெய்க் கான் எல்லாம் ஏற்றி ஓடிய கால் எனக்கு. ஆனால் என்னைவிட நாலு அங்குலம் உயரமான, கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட ஒரு மாப்பிள்ளையை மலையிலிருந்து இறக்கியதில்லை. முதல் வளைவில் அவர் “முருகா” என்றார். இரண்டாவது வளைவில் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் எனக்கு யோசனை வந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“குடிப்பீரோ?”

“ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ்…” நான் பிரேக்கை விட்டேன். “ஐயோ! ரெண்டு! ரெண்டு கிளாஸ் அக்கா!”

“வயசு?”

“முப்பத்தாறு எண்டு எழுதினது. முப்பத்தெட்டு. மெதுவா, மெதுவா!”

“வேறை பொம்பிளை ஆரும்?”

“ஒரு மொரீசியஸ் பிள்ளையை விரும்பினனான். அவ வேறை ஆளைக் கட்டியிட்டா. ரெண்டு வருசமாச்சு.”

“பெர்மெஸ்ஸோ?”

“இருக்கு. ரெண்டு மாசத்திலை முடியுது, திருப்பி எடுக்கலாம்.”

ஓடும் கரியரில் இருப்பவனுக்குப் பொய்யை யோசித்துக் கட்ட நேரம் இருக்காது. கேள்விகள் முடிந்தபோது பிரேக் கட்டையிலிருந்து கருகிய மணம் வந்தது. ஓர் ஊற்றடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். குகன் இறங்கிப் புல்லில் குந்தினார்.

“ஏன் பழகேல்லை?”

“ஒன்பது வயசிலை சைக்கிளோடை கிணத்துக்குள்ளை விழுந்தனான். ரெண்டு மணித்தியாலம் கயித்திலை தொங்கிக்கொண்டு நிண்டன். பிறகு தொடவே இல்லை. இடம்பெயரேக்கை எல்லாரும் சைக்கிளிலை போயிட்டினம். நான் அம்மாவைத் தள்ளுவண்டிலிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு நடந்தன்.” இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.

திரும்ப ஏறி ஓடத் தொடங்கியபிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து, “அக்கா, நான் ஒண்டு கேக்கலாமோ?” என்றார்.

“கேளும்.”

“பத்மா அக்கான்ரை அவர் சொன்ன அந்த லண்டன்காரரை வதனி இன்னும் நினைக்கிறாவோ?”

 மூன்று வருடமாக அதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. “தெரியாது” என்றேன்.

“நினைச்சாலும் பறவாயில்லை. எனக்குச் சொன்னாக் காணும்.”

மிச்ச வளைவுகளில் பிரேக்கைப் பிடித்து மெதுவாக இறக்கினேன். பலேர்மோ வரும்வரை எதிரே ஒரேயொரு கார் வந்தது. அதற்குள் இருந்த குடும்பம் முழுவதும், ஒரு பெண் மீசை வைத்த ஆளைப் பின்னால் ஏற்றிப் போவதைக் கண்டு, கண்ணாடியை இறக்கிக் கைதட்டியது.

திங்கட்கிழமை காலை, பத்மா வீட்டுக்குக் கீழே இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து வதனிக்கு எடுத்தேன். கொழும்பில் மத்தியானம் கடந்திருந்தது. எல்லாம் சொன்னேன். வயது இரண்டு கூட, ஞாயிறு இரண்டு கிளாஸ், மொரீசியஸ் பிள்ளை, உடைந்த பல், கூட்டாளியை அனுப்பிய பயம், அந்த வறை, தள்ளுவண்டில். ‘நல்லவர்’ என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இந்தமுறை அவளே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டேன். கரியரில் வரும்போது அவர் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், அதற்கு அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

 வெளியே ஒருவர் கண்ணாடியில் தட்டத் தொடங்கினார்.

“உண்மையாவே சைக்கிள் ஓடத் தெரியாதோ?” என்று வதனி கேட்டாள்.

“சுத்தமாத் தெரியாது.”

“அப்ப ஓமெண்டு சொல்லுங்கோ அக்கா.”

“ஏனடி?”

“ஓடத் தெரியாட்டி நல்லதுதானே. விட்டிட்டு ஓடமாட்டார்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. நானும் தொடங்கினேன். தட்டிக்கொண்டிருந்த மனிதர் கண்ணாடிக்கு வெளியே நின்று, காரணம் தெரியாமலே பல்லைக் காட்டினார். தொலைபேசிக் கார்டு முடியப்போகிறது என்று பெட்டி பீப் பீப் என்று கத்தியது.  அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது.